"குப்பை பொறுக்கிறதுக்கு என்னத்துக்குப் பெயின்ட்?"

நீண்ட பதிவு இது. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த விடுமுறையில் நாங்கள் ஏழு பேர் கட்டைபறிச்சான் பக்கம் நடக்கப் போனோம். ஆசிரியர்கள் நால்வர், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் மூவர். பாலத்தடியிலிருந்து கிழக்கே போகும் ஒரு பழைய வண்டிப்பாதை. கையில் வெற்று உரப்பைகள். வழியில் கிடக்கும் பொலித்தீன், போத்தல், பிஸ்கட் உறைகளைப் பொறுக்கிக்கொண்டே நடப்பதுதான் திட்டம். பாதை பிரியும் இடங்களில் மரத்தில் ஒரு சின்ன அடையாளம் வைத்தால் அடுத்த முறை வருபவர்கள் வழி தவறமாட்டார்கள் என்று ஒருவர் வெள்ளைப் பெயின்ட் பேணியும் தூரிகையும் கொண்டு வந்திருந்தார்.

முதல் மரத்தில் கோடு போடும்போது மாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். நின்று பார்த்தார். பிறகு கேட்டார்:

"தம்பிமார், இந்தக் காணிய ஆருக்கு அளக்கிறீங்க?"

"அளக்கல்ல ஐயா. குப்பை பொறுக்கிறம்."

"குப்பை பொறுக்கிறதுக்கு என்னத்துக்குப் பெயின்ட்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. பேணியை மூடி வைத்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. வரலாறு படிப்பிக்கிற நாங்கள் அவர் கேட்ட கேள்வியின் வரலாற்றைப் படிக்காமல் பாதைக்கு இறங்கிவிட்டோம் என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் அண்மைக்காலத்திலிருந்து தொடங்குவோம்.

2006 ஜூலையில் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை ஓகஸ்ட் முதல் வாரத்தில் மூதூருக்குள் வந்தது. மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளையும் வயோதிபர்களையும் தூக்கிக்கொண்டு கந்தளாயை நோக்கிப் போனார்கள். பெரும்பாலானோர் கால்நடையாகத்தான் வெளியேறினார்கள். வழியில் பறிபோன உயிர்களும் உண்டு. சம்பூரும் அதைச் சுற்றிய மூதூர் கிழக்குக் கிராமங்களும் தெற்கே போயின. வெருகலைத் தாண்டி வாகரை, வாகரையிலிருந்து மட்டக்களப்பு. அவர்களும் நடந்துதான் போனார்கள்.

2007இல் சம்பூர்ப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஊருக்குத் திரும்ப முடியாத மக்கள் கட்டைபறிச்சான், மணற்சேனை, பட்டித்திடல், கிளிவெட்டி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். சொந்த ஊர் ஒரு நடை தூரத்தில் இருந்தும் போக முடியாத வாழ்க்கை அது. 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன.

அதன் பிறகும் நமது மாவட்டத்தில் வன எல்லை, தொல்பொருள் எல்லை, சரணாலய எல்லை என்று கற்கள் நடப்படும்போதெல்லாம் தமிழரும் முஸ்லிமும் ஒரே மாதிரித்தான் கலங்குகிறோம். தாத்தா சேனை செய்த இடம் ஒரு நாள் விடிந்ததும் 'அரச காணி' ஆகிவிடுமோ என்ற பயம் அது. சட்டப்படி 'பொதுக் காணி' என்றால் எல்லோருக்கும் உரிய நிலம் என்று பொருள் கொள்ளலாம். ஆனால் நமது பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்பவர்களுக்கு 'இனி உனக்கு இல்லை' என்றுதான் கேட்கிறது. அப்படிப்பட்ட ஊரில் வெளியாட்கள் ஏழு பேர் மரத்தில் வெள்ளைக்கோடு போட்டால் ஒரு பெரியவர் வேறு எதைக் கேட்பார்?

இனிக் கொஞ்சம் பின்னால் போவோம்.

கொட்டியாரக் குடாவின் கரையில் பாதைகளைப் பற்றிப் பேசினால் ரொபர்ட் நொக்ஸ் வராமல் இருக்கமாட்டார். மூதூரில் அவருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'வெள்ளைக்காரன் மரம்' நமது பிள்ளைகளுக்குத் தெரிந்த இடம். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பலைச் செப்பனிட இந்தக் குடாவுக்குள் வந்தவர்களை 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் தலைவரான தந்தையும் மகன் நொக்ஸும் அவர்களில் அடக்கம். மகன் 19 ஆண்டுகள் மலைநாட்டில் இருந்தார்.

1681இல் லண்டனில் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் பாதைகளைப் பற்றி அவர் சொல்லும் செய்தி முக்கியமானது. கண்டி இராச்சியத்தின் பாதைகள் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கக்கூடிய ஒடுங்கிய பாதைகள். முக்கியமான இடங்களில் முள்ளால் கட்டிய கடவைகள், அவற்றுக்குக் காவல்காரர். எதிரி உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவன் வெளியே போகக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். நொக்ஸ் சில்லறை வியாபாரியாக ஊர் ஊராகத் திரிந்து பாதைகளைப் பழகி, கடைசியில் மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு நடந்து, 1679 ஒக்டோபரில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தார்.

பாதையைப் பூட்டி வைப்பது ஒரு வகை ஆட்சி. ஆனால் இதே தீவில் அதற்கு முன்பே வேறொரு வழக்கமும் இருந்தது. நடந்து வரும் அந்நியனுக்காகப் பாதையைத் திறந்து, திருத்தி, அவனுக்குச் சோறும் தண்ணீரும் வைப்பது.

அதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சேருவிலவிலிருந்து மகாவலி கங்கையை ஒட்டிச் சிவனொளிபாதமலை வரை போன பழைய யாத்திரைப் பாதை. நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் அதே மலைதான். 2010இல் இலங்கை அரசு இந்தப் பாதையை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தது. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி மலைநாட்டில் பிறந்து நமது கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. ஆற்றின் வாயிலில் இருக்கும் நமக்கும் 2,243 மீற்றர் உயரமான அந்த மலைக்கும் இடையில் நடந்தே போன ஓர் உறவு இருந்தது.

அந்த மலைக்குப் போகும் வழிகளை யார் பார்த்துக்கொண்டார்கள்? 11ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் விஜயபாகு, மலைக்கு நடப்பவர்களின் உணவுக்காகக் கிராமங்களின் வருமானத்தை ஒதுக்கினான். அம்பகமுவக் கல்வெட்டு அதைப் பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜர் அந்த வழியில் பாலங்களும் தங்குமிடங்களும் அமைத்தார் என்று சூளவம்சம் சொல்கிறது. மன்னர்கள் கொடுத்தார்கள் என்று எழுதிவிடுகிறோம். சோறு சமைத்தவர்களும் பாலத்துக்கு மரம் சுமந்தவர்களும் பாதையோரக் கிராமத்து மக்கள். அவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

முஸ்லிம்களான நமக்கு இந்தப் பாதையில் இன்னொரு சாட்சியும் உண்டு. 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைப் பார்க்க வேண்டும். மன்னர் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்பினார். அந்தத் துணையில் யோகிகள் இருந்தார்கள், பிராமணர்கள் இருந்தார்கள், சுமை தூக்குபவர்கள் இருந்தார்கள். ஒரு மொரோக்கோ முஸ்லிம் மார்க்க அறிஞர் தமிழ் மன்னரின் செலவில், யோகிகளின் வழிகாட்டலில் சிங்களக் கிராமங்களைக் கடந்து மலையேறினார். மலைக்கு 'பாவா வழி', 'மாமா வழி' என்று இரண்டு பாதைகள் இருந்ததையும், செங்குத்தான இடத்தில் பிடித்து ஏறப் பத்துச் சங்கிலிகள் பொருத்தியிருந்ததையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒருவர் பொருத்திய சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, அவர் யாரென்றே தெரியாத இன்னொருவர் ஏறுகிறார்.

அவர் பதிவு செய்த ஒரு கதையை வகுப்பில் பிள்ளைகளுக்கு நாங்கள் அடிக்கடி சொல்வோம். ஷீராஸைச் சேர்ந்த ஷெய்க் அபூ அப்துல்லாஹ் இப்னு கஃபீஃப் சுமார் முப்பது பக்கீர்களோடு அந்த மலைக்குப் போனாராம். வழியில் பசி. ஷெய்க் தடுத்தும் கேளாமல் அவர்கள் ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்றார்கள். அவர் மட்டும் தின்னவில்லை. இரவில் யானைகள் கூட்டமாக வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்து, தின்றவர்களைக் கொன்றன. ஷெய்க்கை மட்டும் ஒரு யானை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து மனிதர் வாழும் ஊரில் இறக்கிவிட்டது. அதன் பிறகுதான் அந்நாட்டு மக்கள் முஸ்லிம் யாத்திரிகர்களை மதித்து வழிவிட்டார்கள் என்று இப்னு பதூதா கேட்டு எழுதினார்.

நடந்ததோ இல்லையோ, கதையின் நியாயம் நமக்கு விளங்கும். அந்தக் காட்டின் சொந்தக்காரர் யார், அங்கே போனவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை 14ஆம் நூற்றாண்டிலேயே பேசிய கதை அது. சேருவில் அல்லைச் சரணாலயத்துக்குப் பக்கத்தில், யானையோடு வாழும் நமக்கு அது பழைய கதையும் அல்ல.

இரண்டாவது பாதை கதிர்காமப் பாத யாத்திரை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, முல்லைத்தீவு, திருகோணமலை, பிறகு நமது மூதூர்ப் பக்கம், வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில், மட்டக்களப்பு, திருக்கோயில், பொத்துவில், உகந்தை, குமணக் காடு, யால, கதிர்காமம் என்று ஒரு மாதத்துக்கும் மேலாக நடக்கும் பாதை.

கதிர்காமத்தில் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஹிழ்ர் (அலை) அவர்களின் பெயரோடு பேசப்படும் பள்ளிவாசல் இருக்கிறது. ஆடித் திருவிழாக் காலத்தில் அங்கும் கொடியேறும். கொடியேற்றம், ஸியாரம் பற்றி நமக்குள்ளே வேறு வேறு கருத்துகள் இருக்கின்றன. அந்த விவாதத்துக்கு இந்தப் பதிவு இடமில்லை. நடந்து வந்தவனுக்குத் தண்ணீர் கொடுப்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருந்ததில்லை. காவி வேட்டியும் வேலுமாக வரும் சாமிமாருக்கு வாசலில் குடத்தையும் செம்பையும் எடுத்து வைத்த உம்மம்மாக்களை எங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

1983 கலவரத்தோடு அந்த யாத்திரை நின்றது. 1988இல் கதிர்காம பக்தர்கள் அறக்கட்டளை அதை மீண்டும் தொடக்கியது. போர் நடந்த ஆண்டுகளிலும் முடிந்த இடங்களில் முடிந்தவர்கள் நடந்தார்கள்.

இங்கே ஒன்றை நிறுத்திப் பாருங்கள். மூதூர் கிழக்கு மக்கள் 2006இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன வெருகல், வாகரை, மட்டக்களப்பு என்ற வழி எது? பாத யாத்திரைக்காரர் தலைமுறை தலைமுறையாக நடந்த அதே வழி. சாமிமாருக்குத் தண்ணீர் வைத்த கிராமங்கள்தான் அகதிகளுக்கும் தண்ணீர் வைத்தன. யாத்திரைக்காக ஒரு பாதையைத் திறந்து வைத்திருந்தால் உயிர் தப்ப ஓடும் நாளில் அது உதவும். இதை எங்களுக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை.

இன்றைக்கு உகந்தையிலிருந்து காட்டுப்பாதை திறக்கும் நாட்களில் பல ஆயிரக்கணக்கானோர் குமணக்குள் நடக்கிறார்கள். வனசீவராசிகள் திணைக்களம் ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த நாட்களுக்கு மட்டும் கதவைத் திறக்கிறது. பக்தியோடு போகிறவர்கள்தான். ஆனாலும் போத்தலும் பொலித்தீனும் காட்டில் விழுகின்றன. மான் தின்கிறது, யானை தின்கிறது. யாத்திரை முடிந்த பின் உள்ளே போய்க் குப்பை அள்ளுபவர்கள் தொண்டர்கள். சிவனொளிபாதமலையிலும் பருவம் முடிந்தால் இதே கதைதான். அந்தக் காலத்து யாத்திரிகர் எங்களைவிட நல்லவர் என்று சொல்லமாட்டோம். அவருடைய சோற்றுப்பொதி வாழை இலையிலும் தாமரை இலையிலும் இருந்தது. எறிந்தால் உக்கிவிடும். நமது கையில் இருப்பது உக்காது. பொருள் மாறிவிட்டது, எறியும் பழக்கம் மாறவில்லை.

இதை அரசாங்கமே செய்யட்டும் என்று விட்டுவிடலாமா? உலகத்தில் நீண்ட நடைபாதைகள் அப்படி வாழவில்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையை 1921இல் ஒருவர் கட்டுரையாக எழுதினார். 1937இல் அது முழுமையடைந்தது. சுமார் 3,500 கிலோமீற்றர், 14 மாநிலங்கள். நிலத்தில் பெரும்பகுதி பொதுநிலம். மரம் விழுந்தால் வெட்டுவதும் மழை அரித்தால் கல் அடுக்குவதும் இன்றுவரை பெரும்பாலும் ஊர் ஊராக உள்ள தொண்டர் கழகங்கள். நமது மலைநாட்டில் தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து உருவான பீக்கோ ட்ரெய்ல் 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 பகுதிகள். பணம் வெளியிலிருந்து வரலாம். பாதையைத் தினமும் பார்க்கும் கண் அந்த ஊரில்தான் இருக்கிறது.

நமக்கும் அந்தப் பழக்கத்துக்கு ஒரு சொல் இருக்கிறது: சிரமதானம். 1958 டிசம்பரில் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்துக்குக் கூட்டிப் போனார். சர்வோதய இயக்கம் அங்கேதான் பிறந்தது. அவர் அந்த மாணவர்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது 'உதவி செய்ய' மட்டும் அல்ல, அந்த மக்களோடு இருந்து அவர்களிடம் படிக்கவும்தான். நாங்கள் கட்டைபறிச்சானில் தவறவிட்டது இந்த இரண்டாவது பாதி. குப்பை அள்ளப் போனோம், கேட்கப் போகவில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது தர்மம் என்றும் ஈமானின் கிளைகளில் ஒன்று என்றும் நமக்கு நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். முள்ளும் கல்லும் மட்டும்தான் தொல்லை என்று நினைத்துவிட்டோம். ஒரு பெரியவரின் மனதில் பயத்தைப் போட்ட வெள்ளைக்கோடும் பாதையில் கிடக்கும் தொல்லைதான்.

அடுத்த வாரம் மீண்டும் போனோம். இந்த முறை பெயின்ட் இல்லை. முதலில் கிராம சேவகரைப் பார்த்தோம், கோயில் நிர்வாகத்தாரோடு பேசினோம், பிறகு அந்தப் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். போட்ட கோட்டை நாங்களே சுரண்டி எடுத்துவிட்டோம் என்று சொன்னோம். பிளேன்டீ தந்தார். வழியைக் கேட்டோம். எங்களோடு அரை மணித்தியாலம் நடந்து வந்தார். நாங்கள் கோடு போட்ட மரம் பாதையிலேயே இல்லை, அது மாடு போகும் தடம் என்று காட்டினார். பழைய பாதை ஒரு பாலை மரத்தடியில் திரும்புகிறது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்தப் பக்கம் நிற்கவேண்டாம், யானை இறங்கும் என்றும் சொன்னார். மூதூர் கிழக்கின் நல்லூர், பாட்டாளிபுரம் பக்கத்தில் வாழும் ஆதிவாசி மக்களிடம் கேட்டால் காட்டைப் பற்றி இன்னும் சொல்வார்கள் என்றார். அவர்களையும் பார்க்க இருக்கிறோம்.

இப்போது நாங்கள் ஏழு பேரும் சில விடயங்களைத் தீர்மானித்திருக்கிறோம். எங்களோடு சேர விரும்புபவர்களுக்கும் இவைதான்.

ஒன்று: ஊராரைக் கேட்காமல் எந்தப் பாதையிலும் கால் வைப்பதில்லை. அந்த ஊரைச் சேர்ந்த ஒருவராவது கூட வரவேண்டும்.

இரண்டு: பெயின்ட் இல்லை, பலகை இல்லை, கொடி இல்லை, கல் நடுவது இல்லை. எந்த மதத்தின் அடையாளமும் புதிதாக வைப்பதில்லை, இருப்பதைத் தொடுவதும் இல்லை. பழைய செங்கல், ஓடு, கல்வெட்டுக் கண்டால் பார்த்துவிட்டு அப்படியே விடுவோம்.

மூன்று: கொண்டுபோனதை எல்லாம் திருப்பிக் கொண்டுவருவோம். போத்தல் தண்ணீர் வாங்குவதில்லை, வீட்டிலிருந்து கானில் எடுத்துப் போவோம். மற்றவர் போட்ட குப்பையில் நம்மால் சுமக்கக்கூடியதை எடுப்போம். அள்ளியதைக் காட்டோரம் வைத்துக் கொளுத்துவது இல்லை.

நான்கு: காலையில் போய் மூன்று மணிக்குள் திரும்புவோம். சத்தம், ஸ்பீக்கர் இல்லை. யானையைப் பார்த்தால் போன் எடுக்காமல் பின்வாங்குவோம். தடத்தை விட்டுப் பற்றைக்குள் இறங்குவதில்லை. போர் நடந்த மண் இது. மிதிபட்ட பாதையில் மட்டும் நடப்பது நமது உயிருக்கே நல்லது.

ஐந்து: அனுமதி தேவையான இடங்களுக்கு எழுத்தில் அனுமதி எடுப்போம். கிடைக்காவிட்டால் போகமாட்டோம்.

ஆறு: வேலியைத் தாண்டுவதில்லை, விளைந்த காணிக்குள் இறங்குவதில்லை. ஒருவர் "இது என் காணி" என்றால் அங்கே விவாதம் இல்லை, சுற்றிப் போவோம்.

இதில் வரும் பிள்ளைகள் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று கலந்து வந்தால் நல்லது. சேருவிலப் பிள்ளைகளும் தோப்பூர்ப் பிள்ளைகளும் சேனையூர்ப் பிள்ளைகளும் ஒரே உரப்பையின் இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கினால், இந்தப் பாதைகளைப் பற்றி நாங்கள் வகுப்பில் பேசியதைவிட அதிகம் படிப்பார்கள் என்று நம்புகிறோம்.

அடுத்த யாத்திரைக் காலத்தில் சாமிமார் நமது பக்கத்தால் போகும்போது பாதையோரம் தண்ணீர் வைக்கவும் எண்ணியிருக்கிறோம். குடமும் செம்பும்தான், போத்தல் அல்ல. கட்டைபறிச்சான் பெரியவர் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். குடங்கள் எங்கள் பக்கம்.

வரக்கூடியவர்கள் சொல்லுங்கள். உரப்பை இருந்தால் கொண்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.